பாதிப் பிடரிச் சிங்கம்

கத்தியைக் கையில் தந்தால் ஒரு மூட்டை வெங்காயத்தைக் கண்ணீர் விடாமல் அரிந்து முடிப்பேன். டவுன்டவுனில் நான் வேலை செய்யும் உணவகத்தின் குசினியில் என் கைவாகைப் பற்றி ஒருவரும் குறை சொன்னதில்லை. ஆனால் காய்ந்த இலை ஒன்றைக் கடதாசியில் ஒட்டச் சொன்னால் என் மானம் கப்பலேறிவிடும். இலை விரலில் ஒட்டும், விரல் சட்டையில் ஒட்டும், சட்டை கதிரையில் ஒட்டும். கடதாசி மட்டும் சுத்தமாக இருக்கும்.

இந்த உண்மையை எனக்குக் காட்டித் தந்தது, பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் சமூக மண்டபம். திங்கட்கிழமை காலைகளில் அங்கே சின்னப் பிள்ளைகளுக்குக் கைவேலை வகுப்பு நடக்கும். பிள்ளையோடு ஒரு பெரியவரும் கூட இருந்து செய்ய வேண்டும். மனைவி ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். விடியப்புறம் போனால் பின்னேரம் இரண்டு மணிக்குத்தான் வருவாள். நான் மூன்று மணிக்கு வேலைக்குக் கிளம்புவேன், திங்கள் எங்கள் உணவகத்துக்கு விடுமுறை. ஆகவே இரண்டரை வயது மகளைக் கூட்டிக்கொண்டு போய், பிள்ளைகளின் குட்டிக் கதிரையில் முழங்கால் காதில் இடிக்கக் குந்தியிருக்கும் பாக்கியம் எனக்குத்தான் வாய்த்தது. மற்ற எல்லாரும் தாய்மார். நான் பசைப் போத்தலைத் திறக்கும்போதே பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் கைப்பையைத் தள்ளி வைத்துவிடுவார்கள்.

போனது கைவேலை பழகுவதற்காக அல்ல. மகள் கதைக்கவில்லை. கையைக் காட்டுவாள், சிரிப்பாள், வேண்டியதை இழுத்துக்கொண்டு வருவாள். சொல் மட்டும் வரவில்லை. பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கார்டரியில் இடம் கேட்டுக் காத்திருந்தோம், அது கிடைக்கிற மாதிரி இல்லை. நாலு பிள்ளைகளோடு சேர்ந்தால் வாய் திறப்பாள் என்று மனைவி நம்பினாள். எனக்கு உள்ளூரப் பயம்தான். ஆனால் பயத்தை வெளியே காட்டாமல், "அவள் மகாராணி, தேவைப்பட்டால் கதைப்பாள்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

செப்டம்பர் கடைசியில் ஒரு திங்கள். வகுப்புக்குப் போகும் வழியில் உள்ள மேப்பிள் மரம் அப்போதுதான் சிவக்கத் தொடங்கியிருந்தது. வகுப்புக்கு வரும்போது இலை பொறுக்கிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். நான் குனிந்து, "இலை எடு குஞ்சு, நல்ல இலையாப் பாத்து எடு" என்று பையை விரித்துப் பிடித்திருந்தேன். மகள் ஒரு இலையை எடுத்து என் மூக்குக்கு நேரே தூக்கிக் காட்டி, "இல்லை" என்றாள்.

நடைபாதை என்றும் பாராமல் அவளைத் தூக்கிச் சுற்றினேன். முதல் சொல்! அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை, "இல்லை"தான். ஆனாலும் சொல் சொல்தானே. 'ல்' இன்னும் அழுத்தி வரவில்லை, குழந்தை வாய் பிறகு பழகும் என்று நினைத்துக்கொண்டேன். மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"உங்கடை ஆக்களின்ரை இரத்தமெல்லோ" என்று அவள் சிரித்தாள். "உங்கடை வீட்டிலை என்ன கேட்டாலும் முதல் வாறது அந்தச் சொல்தானே."

அன்றிலிருந்து மகளுக்கு எல்லாவற்றுக்கும் "இல்லை". வகுப்பில் கடதாசிப் பட்டையைத் தலைக்கு அளவாக வெட்டி, இலைகளை ஒட்டிக் கிரீடம்போல முடி செய்யச் சொன்னார்கள். நான் பசை பூசி ஒரு இலையை எடுத்தேன். "இல்லை" என்றாள். வேறொன்றை எடுத்தேன். அதற்கும் "இல்லை". சரி, மகாராணிக்கு முடி வேண்டாமாம் என்று மூன்று இலையோடு நிறுத்திவிட்டேன்.

அடுத்த வாரம் இலையைக் கடதாசிக்குக் கீழே வைத்து, மேலே கிரேயோனைப் படுக்க வைத்துத் தேய்க்கிற வேலை. நரம்பும் காம்புமாக இலை மெல்ல மெல்லக் கடதாசியில் எழும்பி வரும். இதை உண்மையிலேயே நான் ரசித்தேன். ஒட்டுகிற வேலை இல்லை என்பதும் ஒரு காரணம். பாதி இலை தெரிந்ததும் மகள் கையால் கடதாசியைத் தட்டி, "இல்லை, இல்லை" என்று கத்தினாள். நான் கிரேயோனைப் பெட்டிக்குள் போட்டேன்.

பிறகு உப்பு மா குழைத்து அதில் இலையை அமுக்கி அச்சு எடுக்கும் வேலை வந்தது. பச்சைத் தண்ணீரில் குழைக்கச் சொன்னார்கள். என் கைக்கு மா என்றால் இடியப்பம்தான். பழக்க தோஷத்தில் தேநீர்க் கேத்தலில் இருந்த கொதிதண்ணீரை விட்டுக் குழைத்துவிட்டேன். மா அப்படி ஒரு பதத்தில் திரண்டது. மற்றத் தாய்மார் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த வகுப்பில் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான். மகள் ஒரு கடி கடித்து முகத்தைச் சுளித்தாள், பிறகு மாவில் பதிந்த அச்சைத் தடவிப் பார்த்து, "இல்லை" என்றாள். அவ்வளவு நல்ல மாவை உருட்டிக் குப்பையில் போட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

கடைசியாகச் சிங்கம். கடதாசித் தட்டில் கண், மூக்கு, மீசை வரைந்து, சுற்றிவர மஞ்சள் இலைகளைப் பிடரி மயிராக ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் ஒட்டி முடிப்பதற்குள் அவள் ஒவ்வொரு இலைக்கும் "இல்லை" சொல்லித் தீர்த்துவிட்டாள். சிங்கம் பாதிப் பிடரியோடு, வழுக்கை விழத் தொடங்கிய என்னைப்போல வீட்டுக்கு வந்தது. எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் மேலே அரை முடி, அரை இலைப் படம், அரைச் சிங்கம் என்று எல்லாம் அரைகுறையாகவே சேர்ந்தன. மனைவி ஒன்றையும் எறியவிடவில்லை.

வீட்டிலும் இதே கதை. கறி தாளிக்கக் கறிவேப்பிலையை உருவும்போது காலடியில் வந்து நின்று, "இல்லை" என்பாள். கறிவேப்பிலை வேண்டாம் என்று சொல்லும் ஒரு பிள்ளை என் வீட்டில் பிறந்ததே என்று எனக்கு ரோசம் வரும். இருந்தாலும் அவளுக்காக ஒரு சட்டியில் கறிவேப்பிலை இல்லாமல் பருப்பு வைத்தேன். எங்கள் தெருமுனைத் தபால்கந்தோரில் கனடாக் கொடி பறக்கும். அதைக் கண்டாலும் கையை நீட்டி, "இல்லை!" என்று கத்துவாள். அதை வேலையிடத்தில் சொன்னேன், பிள்ளைக்குக் கனடா வேண்டாமாம் என்று. பாத்திரம் கழுவும் இடத்தில் நின்ற கியூபெக்காரர், கனடாவிலிருந்து கியூபெக் பிரிய வேண்டும் என்று நிற்பவர், அப்படியென்றால் உன் மகள் எங்கள் ஆள்தான் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சிரிப்பு அதோடு முடிந்தது. ஒக்டோபரும் முடியப் போகிறது, அந்த ஒரு சொல்லுக்குமேல் இன்னொரு சொல் வரவில்லை.

ஒரு ஞாயிறு, ரொக்ஸ்பரோவில் இருக்கும் மனைவியின் தமையன் எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், எங்களுக்குப் பக்கத் துணையாக நின்றவர். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மச்சான், நான் சொல்லுறன் எண்டு குறை நினையாதையும். பிள்ளை குழம்பிப்போய் நிக்குது. வீட்டிலை ஒரு பாசை, வெளியிலை இரண்டு பாசை. நாங்கள் எங்கடை இரண்டு பேருக்கும் முதலே தமிழை நிப்பாட்டினம். இப்ப பாரும், என்ன மாதிரிக் கதைக்கினம் எண்டு."

உண்மைதான். அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் பிரெஞ்சில் பொழிந்து தள்ளுவார்கள். தகப்பனோடு மட்டும் அதிகம் கதைப்பதை நான் கண்டதில்லை. அதைச் சொல்லாமல் அவருக்குத் தேநீர் வைக்க எழும்பினேன்.

அடுத்த நாள் வகுப்பு முடிந்து எல்லாரும் மேற்சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது, வகுப்பை நடத்தும் பெண்மணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நரைத்த தலையைக் கட்டையாக வெட்டியிருப்பார். எனக்கு விளங்க வேண்டும் என்று பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் கலந்து மெதுவாகக் கதைப்பார். பிள்ளை எப்போதும் சொல்லும் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். 'நோ' என்று அர்த்தம் என்றேன். அவர் புருவத்தை உயர்த்தினார். இவ்வளவு சிரித்துக்கொண்டா வேண்டாம் என்று சொல்கிறாள் என்றார். எங்கள் ஆட்கள் அப்படித்தான், சிரித்துச் சிரித்தே மறுப்பார்கள் என்று ஒரு பகிடி விட்டேன். அவர் சிரித்தார். பிறகு, எதற்கும் பிள்ளையின் காதையும் பேச்சையும் ஒருமுறை வைத்தியரிடம் காட்டினால் நல்லது என்று கனிவாகச் சொன்னார். வீடு வரும் வரைக்கும் நான் மகளின் கையை விடவில்லை.

மனைவி அன்றே முடிவெடுத்துவிட்டாள்.

"டொக்டரிட்டைக் காட்டுவம். ஆனா நாளையிலை இருந்து வீட்டிலை பிரெஞ்சுதான்."

"இவ்வளவு அவசரப்படுறீரே. கொஞ்சம் பொறும்."

"நான் இஞ்சை வந்து பிரெஞ்சு படிக்கேக்கை பட்ட பாடு எனக்குத்தானப்பா தெரியும். பிழையாச் சொல்லிப்போடுவன் எண்டு வகுப்பிலை வாயே திறக்காமல் இருந்தனான். என்ரை பிள்ளை பள்ளிக்கூடத்திலை அப்பிடி நிக்கக் கூடாது."

அதற்குமேல் நான் என்ன வாதாட?

"அப்ப நான் என்னெண்டு அவளோடை கதைக்கிறது?" என்று மட்டும் கேட்டேன்.

"தெரிஞ்சதைக் கதையுங்கோ. பழகப் பழக வரும்."

எனக்குத் தெரிந்தது குசினிப் பிரெஞ்சு. சூடான சட்டியோடு வந்தால் "ஷோ!" என்று கத்துவேன். ஒருவரின் முதுகுக்குப் பின்னால் போகும்போது "டெரியேர்!" என்பேன். கத்தி, கரண்டி, தட்டு, கெதியாக, இன்னும் இரண்டு. இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையை எப்படிக் கொஞ்சுவது? 'என்ரை குஞ்சு' என்பதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வார்கள்? எனக்குத் தெரிந்த கோழி 'புலே' ஒன்றுதான், அது அடுப்பில் கிடப்பது. நித்திரையாக்குவதும் வெருட்டுவதும் சமாதானம் செய்வதும் எனக்குத் தமிழில்தான் வரும். என் பிள்ளைக்கு நான் ஊமைத் தகப்பனாகப் போகிறேன் என்பது அப்போதுதான் நெஞ்சில் உறைத்தது.

மனைவி எனக்குப் பாடம் எடுத்தாள். மகள் எந்நேரமும் இலையோடு திரிகிறபடியால் அந்தச் சொல்லிலிருந்தே தொடங்கினாள்.

"இலைக்கு ஃபேய்."

"பேயோ?"

"பேய் இல்லையப்பா. ஃபேய். உதட்டைக் குவிச்சு, காத்தோடை."

நான் உதட்டைக் குவித்தேன், காற்றும் விட்டேன். வந்தது பேய்தான். முன்வீட்டு பல்கனியில் ஹலோவீனுக்காக வெள்ளைத் துணியில் ஒரு பேயைத் தொங்கவிட்டிருந்தார்கள். அது என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருந்தது.

செவ்வாய் காலை. மனைவி வேலைக்குப் போய்விட்டாள். மகளுக்குக் கஞ்சி ஊட்டினேன். "ஷோ" என்றேன். ஊதினாள். கதிரைக்குப் பின்னால் போகும்போது "டெரியேர்" என்றேன். திரும்பிப் பார்த்தாள். அதோடு என் சரக்குத் தீர்ந்துவிட்டது. வீடு ஆஸ்பத்திரி மாதிரி அமைதியாகக் கிடந்தது. மற்ற நாட்களில் அவள் எழும்பியதிலிருந்து நான் ஓயாமல் ஏதாவது அலட்டிக்கொண்டே இருப்பேன் என்பது எனக்கே அன்றுதான் தெரியும். மகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு என்ன நடந்தது என்று நினைத்திருப்பாள்.

அந்த அமைதி தாங்காமல், பொறுக்கி வைத்திருந்த இலைப் பையை எடுத்து நிலத்தில் கொட்டினேன். நல்ல சிவந்த மேப்பிள் இலை ஒன்றைத் தூக்கிப் பிடித்து, உதட்டைக் குவித்து, "பேய்" என்றேன்.

மகள் இலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பேய்" என்றேன் இன்னொரு தரம்.

எழும்பி வந்து என் கையிலிருந்து இலையை வாங்கினாள். அதை என் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, மொக்குப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"இலை."

'இலை' என்ற சொல் என் வாயிலிருந்து வராத முதல் காலை அது. அதனால்தான், அவள் வாயிலிருந்து வந்தது என் காதில் விழுந்தது. அவள் 'ல்'லில் எந்தக் குறையும் இல்லை. அந்தச் சொல்லுக்கு ஒரு 'ல்'தான்.

ஓடிப்போய் ஒரு கரண்டியை எடுத்துக் காட்டினேன். பேசாமல் இருந்தாள். வகுப்பில் கண் ஒட்டி முள்ளெலி ஆக்கிய பைன் காயைக் காட்டினேன். சிரித்தாள், சொல் இல்லை. மஞ்சள் இலையைக் காட்டினேன். "இலை." குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து கறிவேப்பிலையை எடுத்துவந்தேன். அதை வாங்கி மணந்து பார்த்துவிட்டு, "இலை" என்றாள். பருப்புச் சட்டி கண்முன் வந்து போனது.

மேற்சட்டையை மாட்டி, தொப்பியை மாட்டி, அவளைத் தூக்கிக்கொண்டு வெளிப்படிகளில் இறங்கித் தபால்கந்தோருக்கு ஓடினேன். கொடி நல்ல காற்றில் பறந்துகொண்டிருந்தது. நடுவில் அந்தச் சிவப்பு இலை.

"இலை!" என்று கையை நீட்டிக் கத்தினாள்.

"ஓம் குஞ்சு! இலை! இலைதான்!" என்று நானும் கத்தினேன். தபால்கந்தோருக்குள் போக வந்த ஒரு பெரியவர் கதவைப் பிடித்தபடி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பார்க்கட்டும்.

மனைவிக்குப் போன் எடுத்தேன். வேலை இடைவேளையில் இருந்தாள்.

"என்னப்பா? பிள்ளைக்கு என்ன?"

"பிள்ளைக்கு ஒண்டும் இல்லை. அவள் இல்லை எண்டே சொல்லேல்லை."

"என்ன விசர்க்கதை கதைக்கிறியள்? என்ன இல்லை?"

"இல்லை இல்லையப்பா. இலை! மரத்து இலை! இவ்வளவு நாளும் அவள் இலையைக் காட்டி இலை எண்டு சொல்லியிருக்கிறாள்."

"அப்ப கறிவேப்பிலை?"

"அதுவும் இலைதானே."

"கொடி?"

"அதிலையும் இலைதானே இருக்கு."

சிரிக்கத் தொடங்கியவள் சிரிப்பிலேயே அழுதாள். "அப்ப பிள்ளை எங்களை ஒண்டுக்குமே வேண்டாம் எண்டு சொல்லேல்லை, என்னப்பா?" என்றாள்.

அவள் சொன்ன பிறகுதான் அது எனக்குப் பட்டது. 'இலை எடு', 'இலை ஒட்டு', 'இலையை வாயிலை வைக்காதை' என்று திங்கட்கிழமை தோறும் நான் அவள் காதில் ஓதியதுதான் திரும்பி வந்திருக்கிறது. கிரீடத்துக்கும் சிங்கத்துக்கும் நான் இலை எடுத்த போதெல்லாம், அப்பா என்ன எடுக்கிறார் என்று எனக்கே சொல்லிக் காட்டியிருக்கிறாள்.

இரண்டு மணிக்கு மனைவி சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, ஒரு இலையை எடுத்துக் காட்டித் தன் காதாலும் ஒருமுறை கேட்டாள். "டொக்டரிட்டைக் காட்டத்தான் வேணும்" என்றாள் முதலில். ஓம் என்றேன். "பிரெஞ்சை, இடம் கிடைச்சாப் பிறகு கார்டரியிலை பழகட்டும்" என்றாள் பிறகு. அதற்கும் ஓம் என்றேன்.

குளிர்சாதனப் பெட்டியின் மேலிருந்து சிங்கத்தை இறக்கினோம். மகள் இலையை எடுத்துத் தர, மனைவி பசை பூச, நான் ஒட்டினேன். ஒவ்வொரு இலைக்கும் "இலை" என்று சொல்ல, ஒவ்வொரு தடவையும் நாங்கள் இரண்டு பேரும் "இலை" என்றோம். மூன்று மணியாகிவிட்டது. மற்றப் பக்கத்தில் பாதிதான் ஒட்டியிருந்தோம். எழும்பி மேற்சட்டையை எடுத்தேன்.

"அப்பா வேலைக்குப் போட்டுவாறன் குஞ்சு."

அவள் என் காற்சட்டையைப் பசைக் கையால் பிடித்தாள். தலையை இடமும் வலமும் பலமாக ஆட்டினாள். கையில் இலை இல்லை. அவள் கண் இலைகளின் பக்கமே போகவில்லை.

"இல்ல்லை" என்றாள்.

மனைவியும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு இரண்டு பேரும் கை தட்டினோம். நாங்கள் ஏன் தட்டுகிறோம் என்று அவளுக்கு விளங்கவில்லை, பிடியையும் விடவில்லை. மேற்சட்டையைக் கதிரையில் போட்டுவிட்டு, வேலையிடத்துக்குப் போன் எடுத்துப் பிந்தித்தான் வருவேன் என்று சொன்னேன். பிறகு நிலத்தில் குந்தி, சிங்கத்தின் மிச்சப் பிடரிக்கு இலை ஒட்டத் தொடங்கினேன்.